பூச்சிக் கட்டுப்பாட்டு டெக்னீஷியன் வேலையில் சேரலாமா? கடலூர், புதுச்சேரிப் பகுதியில் இத்தொழிலில் இருப்பவர்களிடம் சில கேள்விகள்

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். விலங்கியலில் இளம் அறிவியல் பட்டம் பெற்றிருக்கிறேன், வேதியியல் துணைப்பாடம். போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, புதுச்சேரியில் உள்ள ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்திலிருந்து டெக்னீஷியன் வேலைக்கு அழைப்பு வந்துள்ளது. வீடுகள், உணவகங்கள், கிடங்குகள் ஆகியவற்றில் கரப்பான், கரையான், எலி, மூட்டைப்பூச்சி ஆகியவற்றுக்கு மருந்து இடும் வேலை என்று சொன்னார்கள். என் தந்தைக்கு இதில் விருப்பமில்லை. படித்துவிட்டு விஷத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவதா என்று கேட்கிறார்.

இந்த வேலை நாள்தோறும் எப்படி இருக்கும், உடல்நலத்துக்கு என்ன தீங்கு வரும், சில ஆண்டுகளுக்குப் பிறகு இதிலிருந்து மேலே செல்ல வழி உண்டா என்பதை இத்தொழிலை நேரில் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்பனாறு எழுதியது:

தம்பி, கடலூர் முதுநகரைச் சேர்ந்த நான் இந்த வேலையிலேயே தலை நரைத்தவன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மருந்தடிக்கும் வேலையாகத் தெரியும். உண்மையில் வேலை நேரத்தில் பாதி டார்ச் விளக்கோடு தரையில் மண்டியிட்டுத் தேடுவதிலேயே கழியும். தேடத் தெரியாதவர் எத்தனை லிட்டர் அடித்தாலும் பத்து நாளில் வாடிக்கையாளர் திரும்ப அழைப்பார். அந்த இரண்டாவது வருகைக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் தனி ஊதியம் கிடையாது.

கரப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பகுதியில் இரண்டு கருங்கோடுகளோடு சிறிதாக, வெளிர் பழுப்பாக இருப்பது ஜெர்மன் கரப்பான். அது வீட்டுக்குள்ளேயே, குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் அருகிலும், கிரைண்டரின் அடியிலும், அலமாரிக் கீலின் இடுக்கிலும் குடியிருக்கும். செம்பழுப்பு நிறத்தில் பெரிதாகப் பறந்து வருவது பெரும்பாலும் சாக்கடைத் தொட்டியிலிருந்து வருவது. முதலாவதற்குச் சாக்கடையில் மருந்து ஊற்றுவதும், இரண்டாவதற்கு அலமாரியில் ஜெல் வைப்பதும் வீண் வேலை. ஜெர்மன் கரப்பானின் பெண் தன் முட்டைப்பையைக் குஞ்சு பொரியும் தறுவாய் வரை உடலிலேயே சுமந்து திரியும். ஒரு பையில் முப்பது, நாற்பது குஞ்சுகள் இருக்கும். தெளிக்கும் மருந்து அந்தப் பையைத் துளைப்பதில்லை. அதனால்தான் இன்று வீடுகளில் பிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் கலந்த ஜெல்லைச் சிறு புள்ளிகளாக இடுக்குகளில் வைக்கிறோம். அதைத் தின்ற கரப்பான் இருப்பிடத்துக்குத் திரும்பிச் சாகும்; அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் ஜெல் வைத்துவிட்டு வந்த மறுநாளே, கடையில் வாங்கிய ஸ்பிரேயை வீட்டுக்காரர் அதே இடத்தில் அடித்துவிடுவார். அதற்குப் பிறகு கரப்பான் அந்த ஜெல்லை நெருங்காது. ஆகவே அடிக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று பத்து நிமிடம் பேசி அவர்களை ஏற்கவைப்பதும் உங்கள் வேலைதான். பேசக் கூச்சப்படுபவருக்கு இத்தொழில் கடினம்.

அன்றாட வேலையில் பகலில் வீடுகள், இரவு பதினொரு மணிக்கு மேல் உணவக அடுக்களைகள். புதுச்சேரியில் சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் இருப்பதால் உணவக வேலைகள் திங்கள் முதல் வியாழன் வரை நெருக்கியடித்து வரும். தெளிப்பான், துளையிடும் இயந்திரம், ஜெல் துப்பாக்கி எல்லாவற்றையும் இரு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஒரு மணி நேரம் இருந்து பார்த்தால், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

முத்தியால்பேட்டையான் எழுதியது:

நான் வாடிக்கையாளர் தரப்பு. புதுச்சேரியில் ஓர் உணவகம் நடத்துகிறேன். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறைகளில் நான்காவது அட்டவணை என்று ஒன்று உண்டு. அதன்படி நாங்கள் பூச்சிக் கட்டுப்பாடு செய்து, அதற்கான பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்கும் கோப்புகளில் அதுவும் ஒன்று. இதன் விளைவாக எங்கள் தொழிலில் பலர் காகிதத்தை மட்டுமே வாங்குகிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. டெக்னீஷியன் வந்து சுவரோரமாக ஒரு சுற்று அடித்துவிட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரு தரப்புக்கும் திருப்தி.

என் அடுக்களைக்கு இப்போது வரும் பையன் அப்படியல்ல. முதல் நாளே, தோசைக்கல் மேடையின் பின்தகட்டைக் கழற்றாமல் வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டான். கைகழுவும் தொட்டியின் கீழ்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இருந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னான். பூச்சிக்காரனுக்கு எதற்குக் கொத்தனார் வேலை என்று எங்கள் மேலாளர் முணுமுணுத்தார். அடைத்த பிறகு எலி வரத்து நின்றது. கெடிலக்கரை அவர்கள் இந்த வேலைக்கு வந்தால், இப்படிப்பட்டவரைத் தேடி அமர்த்தும் உணவகங்களும் இருக்கின்றன என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரு கேள்வியும் உண்டு. முன்பெல்லாம் மருந்தடித்தால் மறுநாள் காலை வரை நெடி இருக்கும். கரப்பான்கள் மல்லாந்து கிடக்கும். இப்போது நெடியே இல்லை. மருந்தின் தரம் குறைந்துவிட்டதா?

உப்பனாறு எழுதியது:

நெடியோடு இருந்தது பெரும்பாலும் டைக்குளோர்வாஸ். நுவான் என்ற பெயரில் எல்லாரும் அறிந்தது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட தடையாணையின்படி 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது. காற்றில் ஆவியாகி, பூச்சியின் மூச்சோடு மனிதரின் மூச்சிலும் சென்ற மருந்து அது. நெடி இல்லாதது இப்போதைய மருந்துகளின் குறையல்ல.

ஆனால், நெடி இருந்தால்தான் பணம் தருவேன் என்னும் வாடிக்கையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே சிலர் கலவையில் மண்ணெண்ணெய் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கச் சொல்லும் முதலாளியிடம் வேலைக்குப் போகாதீர்கள், தம்பி. சமையல் எரிவாயு உள்ள அறையில் அது தீப்பிடிக்கும் பொருள்.

தாழங்காடு எழுதியது:

நான் உரிமம் பெற்று ஒரு சிறு நிறுவனம் நடத்துபவன். சட்டத் தரப்பைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் வேலையில் சேரும் இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இத்தொழிலை ஆள்வது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும். வணிக நோக்கில் பூச்சிக் கட்டுப்பாடு செய்பவர் வேளாண்மைத் துறையின் உரிம அலுவலரிடம் உரிமம் பெற வேண்டும். வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் முடித்தவருக்கே அந்த உரிமம் கிடைக்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், ஐதராபாத்தில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனமும் அத்தகைய பயிற்சி அளிப்பவை. கெடிலக்கரை வேதியியலைத் துணைப்பாடமாகப் படித்திருப்பதாக எழுதியிருக்கிறார். மேலே செல்ல வழி உண்டா என்ற அவருடைய கேள்விக்கு இதுவே முதல் விடை: சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பயிற்சியை முடித்துவிட்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன், துணைப்பாடமாகப் படித்ததை ஏற்பார்களா என்று வேளாண் துறை அலுவலகத்தில் சான்றிதழைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி டெக்னீஷியனுக்கு உரியவற்றுக்கு வருகிறேன். விதி 37ஐப் படித்துப் பாருங்கள். வணிகப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவர்களை வேலையில் சேர்க்கும் முன்பும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளையோ கார்பமேட் மருந்துகளையோ கையாள்பவர்களுக்கு, இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை, அதாவது நரம்புகள் சீராக இயங்க உதவுவதும் இம்மருந்துகளால் குறைவதுமான நொதியின் அளவை, மாதந்தோறும் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த விதிகள் முதலுதவி, காப்புடை, சுவாசக் கருவி, மாற்று மருந்து இருப்பு, பயிற்சி ஆகியவற்றைப் பற்றியவை. இவற்றை முழுமையாகக் கடைப்பிடிக்கும் சிறு நிறுவனங்கள் மிகக் குறைவு. என் நிறுவனத்தில் குளோர்பைரிபாஸை அறவே விட்டுவிட்டோம். மாதாந்திரப் பரிசோதனைச் செலவை விட அதை விடுவது எளிதாக இருந்தது. வாடிக்கையாளர் பார்வைக்கு உரிமத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். மருந்தோடு நாள் முழுதும் இருப்பவரின் மருத்துவ அட்டை எங்கே இருக்கிறது என்று அதே அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் தரம் அதில் தெரிந்துவிடும்.

வண்டிப்பாளையம் எழுதியது:

இந்த வேலையில் சேர்ந்து சில மாதங்களில் விட்டவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். மருந்தால் நான் விடவில்லை. ஆண்டு ஒப்பந்தம் பிடித்து வர வேண்டும் என்ற இலக்கால் விட்டேன். கரப்பானுக்கு அழைத்த வீட்டில் கரையான் இருப்பதாகவும் சொல்லி ஒப்பந்தம் பிடித்தால் ஊக்கத்தொகை உண்டு. இல்லாவிட்டால் மாதக் கடைசிக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார்கள். கட்டில் காலில் உளுத்த மரத்தூள் கொட்டிக்கிடந்ததைக் கரையான் என்று சொல்லி வீடு முழுவதும் துளையிடும் வேலைக்குப் பணம் வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று: ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பொருந்தும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் டெக்னீஷியனுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய உதவி என்பது ஏணியிலிருந்து விழும்போதுதான் தெரியும். சேரும் முன்பே அதைக் கேளுங்கள்.

உப்பனாறு எழுதியது:

வண்டிப்பாளையம் சொல்வது உண்மை. மாவு போன்ற மரத்தூளும் குண்டூசித் தலை அளவு வட்டத் துளையும் இருந்தால் அது மரத்துளைப்பான் வண்டு. மண்ணில் வாழும் கரையான் தூளைக் கொட்டாது. மண்ணைக் கொண்டுவந்து பூசும், சுவரில் மண்குழாய் ஏற்றும். முன்னதற்கு அந்த மரத்துக்கு மட்டும் மருந்து பூசினாலோ துளைக்குள் செலுத்தினாலோ போதும்; பின்னதற்கு மண்ணுக்கு மருந்து இட வேண்டும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் மர விட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மாடித் தளங்கள் உண்டு. அவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் கசிந்தால் கரையான் அங்கேதான் ஏறும். அத்தகைய வீட்டில் கூரைக் கசிவைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் இடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கரையான் வேலையில்தான் இத்தொழிலின் ஏமாற்று அதிகம் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த வீட்டுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி வழிகாட்டுகிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் விட்டத்தில், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் மண் ஏற்கும் வரை, உச்சமாக ஒரு லிட்டர் கலவையைச் செலுத்த வேண்டும். சுவரோர நீளம் 60 மீட்டர் உள்ள வீட்டில் 200 துளைகள் வரும். அதாவது 200 லிட்டர் வரை கலவை தேவைப்படலாம். இருபது லிட்டர் கேனோடு வந்து ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பத்தாண்டு உத்தரவாதம் எழுதித் தருபவர் என்ன செய்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாழங்காடு எழுதியது:

உப்பனாறு அண்ணன் சொன்ன அளவு சரி. ஆனால் கடலோரத்தில் அதை அப்படியே செய்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் போன்ற இடங்களில் மணல் பாங்கான நிலம். நிலத்தடி நீரும் மேலேயே கிடக்கும். இமிடாகுளோப்ரிட் நீரில் கரைந்து இறங்கக் கூடியது. துளை எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கிறது என்பதற்காக ஊற்றிக்கொண்டே இருந்தால் அது பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். கைப்பம்போ கிணறோ ஒட்டியுள்ள சுவரில் நான் துளையிடுவதே இல்லை. வேலைத்தாளில் அதைக் குறிப்பிட்டு, அந்தப் பக்கத்துக்கு உத்தரவாதம் தர மறுத்துவிடுகிறேன்.

உப்பனாறு எழுதியது:

கிணற்றோரச் சுவரைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் மணல் நிலம் என்ற காரணத்தைக் காட்டி எல்லாச் சுவரிலும் அளவைக் குறைப்பவர்களே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி கலக்க வேண்டும் என்று மருந்துப் புட்டியில் ஒட்டிய சிட்டையில் இருக்கிறது. அதை ஒரு மில்லியாகக் குறைத்துக் கலக்கச் சொல்லி, கேட்டால் சுற்றுச்சூழல் என்பார்கள்.

கொன்றைப்பூ எழுதியது:

என் கணவர் வில்லியனூர்ப் பகுதியில் இந்த வேலையில் இருக்கிறார். எங்களுக்குக் கைக்குழந்தை உண்டு. சில நாட்களில் முகமெல்லாம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார், மறுநாள் சரியாகிவிடும். முகக்கவசம் என்று நிறுவனத்தில் கொடுப்பது மருத்துவமனையில் போடும் மெல்லிய துணிக் கவசம். 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைத்த நஞ்சினால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. அவருடைய உடையிலும் பையிலும் ஒட்டிவரும் மருந்து குழந்தையைப் பாதிக்குமா?

தாழங்காடு எழுதியது:

சகோதரி, முகத்தில் எரிச்சலும் குத்தலும் ஏற்படுவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் தோலில் படுவதால் வருவது. பொதுவாக ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் அடிக்கடி அப்படி வருகிறது என்றால் மருந்து தோலைத் தொடுகிறது என்று பொருள். தலைக்கு மேல் தெளிக்கிறாரா, வியர்வையைக் கையுறையோடு துடைக்கிறாரா என்று கேளுங்கள். துணிக் கவசம் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரிக் குடுவை பொருத்திய அரைமுகக் கவசமே தேவை. அந்தக் குடுவைக்கும் ஆயுள் உண்டு, நெடி உள்ளே தெரியத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். வேலை உடையை வீட்டுக்கு வெளியே கழற்றி, தனி வாளியில், குழந்தையின் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். குளித்த பிறகே குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். மீந்த மருந்தை வீட்டில் வைக்கக் கூடாது. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள்.

குன்றத்தூர்ச் செய்திக்குப் பிறகு எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் முதல் கேள்வியே மாறிவிட்டது; அது நல்லதுதான். ஈரம் பட்டால் பாஸ்பின் வாயுவை வெளியிடும் மருந்துகள், அதாவது அலுமினியம் பாஸ்பைடும் துத்தநாக பாஸ்பைடும், மக்கள் உறங்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கிடங்குகள் போன்ற இடங்களில், சரக்கைத் தார்ப்பாயால் மூடி, விளிம்புகளை மண்பாம்பால், அதாவது மணல் நிரப்பிய நீளப் பைகளால் அழுத்தி, பல நாள் பூட்டி வைத்துச் செய்யும் புகையூட்டலுக்கு உரியது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பின் வாயுவை விடும். அந்த வாயுவுக்கு மாற்று மருந்தே கிடையாது. வீட்டு எலிக்குப் புரோமாடியோலோன் கட்டியைப் பூட்டிய பெட்டிக்குள் வைக்கலாம். அதை யாராவது தவறி உட்கொண்டால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதைவிட ஒட்டும் அட்டையும் பொறியும் ஓட்டை அடைப்பும் மேல்.

முத்தியால்பேட்டையான் எழுதியது:

மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே ஓடிச் செத்துவிடும் என்று எங்களிடம் சொல்கிறார்களே, அது சரியா?

உப்பனாறு எழுதியது:

இல்லை. புரோமாடியோலோன் தின்ற எலி சில நாள் கழித்து, தான் பதுங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் சாகும். அது பொய்க்கூரைக்கு மேலே இருந்தால் நாற்றம் உங்கள் வாடிக்கையாளருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் உணவக உட்புறத்தில் நான் மருந்து வைப்பதில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே மட்டும் வைக்கிறேன். ஒரு துணைச் செய்தி: நீண்ட மூக்கோடு சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல, பூச்சிகளைத் தின்பது. அதைக் கொல்லச் சொல்லி அழைப்பவர்களிடம் கதவடிக் கீற்றுக்கு ரப்பர் பட்டை போடச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பழைய கொசுக்காரர் எழுதியது:

பொதுச் சுகாதாரத் துறையில் கொசு ஒழிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் உரையாடலில் கொசு வரவே இல்லையே என்று எழுதுகிறேன். புதுச்சேரியில் இருந்துகொண்டு அதை விடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. யானைக்கால் நோய் இங்கே வேரூன்றியிருந்த காலம் அது. 1981 முதல் 1985 வரை அந்த மையம் புதுச்சேரி நகரில் நடத்திய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்தை முதன்மையாக நம்பவில்லை. கொசு உற்பத்தியாகும் தேங்குநீரைக் குறைப்பதில்தான் பெருங்கவனம் இருந்தது. கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியாவில் பி 17 என்ற வகையை உருவாக்கியதும் அவர்களே.

தனியார் நிறுவனங்கள் குடியிருப்புச் சங்கங்களுக்கு விற்பது பெரும்பாலும் புகையடிப்பு. புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, அதன் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரில் பல மாதம் உயிரோடு ஒட்டியிருப்பது, தண்ணீர் பட்டதும் ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிவிடுவது ஆகியவற்றை ஒப்பந்தம் போடும் முன்பே குடியிருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லும் டெக்னீஷியனை நான் அதிகம் பார்த்ததில்லை. 2024இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்த பிறகு எங்கு பார்த்தாலும் புகை வண்டிதான். தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொன்னவர்கள் குறைவு.

கெடிலக்கரைக்கு ஒன்று. விலங்கியல் படித்தவருக்கு, நான் சொன்ன அதே மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பு உண்டு. இரண்டு ஆண்டு களத்தில் வேலை செய்துவிட்டு அங்கே போய் அமர்பவருக்குப் பாடம் வேறுவிதமாகப் புரியும்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இங்கே படித்ததை மனத்தில் கொண்டு நிறுவனத்துக்கு நேரில் போய்ப் பேசினேன். இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. குளோர்பைரிபாஸ் இன்னும் பயன்படுத்துகிறார்கள். கோலினெஸ்டரேஸ் பரிசோதனையைப் பற்றிக் கேட்டதற்கு, ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துப் போவதாக மட்டும் சொன்னார்கள். கிடங்கு அறையில் கரிக் குடுவைக் கவசங்கள் இருந்தன. உறை பிரிக்காமல் இருந்தன. முதல் சில மாதங்கள் ஒரு மூத்த டெக்னீஷியனுடன் செல்ல வேண்டும். கடலூர்ப் பக்கத்து வேலைகளுக்கும் என்னை அனுப்புவார்களாம். தந்தையிடம் விதி 37ஐக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு, பரிசோதனைக்கு அவர்கள் அனுப்பாவிட்டால் நானே அழைத்துப் போகிறேன் என்றார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தாழங்காடு எழுதியது:

குளோர்பைரிபாஸ் வேலைக்கு அனுப்பத் தொடங்கும் முன்பே, உங்கள் செலவிலாவது ஒரு முறை கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இயல்பு அளவு வேறுபடும். தொடக்க அளவு கையில் இல்லாமல் பின்னால் எடுக்கும் பரிசோதனையைக் கொண்டு குறைந்திருக்கிறதா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. கடலூர் வேலைகளைப் பொறுத்தவரை, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உரிம அலுவலர்கள் வேறு வேறு. எந்த உரிமத்தின் பேரில் அங்கே போகிறீர்கள் என்பதைக் கேட்டு, வேலைத்தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றன்று எடுத்துச் செல்லும் மருந்தின் சிட்டையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது ஏதாவது நேர்ந்து ஜிப்மருக்கு ஓடும்போது, என்ன மருந்து என்று தெரிந்தால்தான் குளோர்பைரிபாஸ் போன்றவற்றுக்கு உரிய அட்ரோபின் கொடுப்பதா, எலி மருந்துக்கு உரிய வைட்டமின் கே1 கொடுப்பதா என்பதை அவர்கள் விரைந்து முடிவு செய்ய முடியும்.

உப்பனாறு எழுதியது:

உறை பிரிக்காத கவசம் என்றால் மூத்த டெக்னீஷியன் அணிவதில்லை என்று பொருள், தம்பி. அவர் அணியாவிட்டாலும் நீங்கள் கேட்டு வாங்கி அணியுங்கள். முதல் வாரம் கேலி செய்வார்கள். தாடி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ரப்பர் விளிம்பு தோலில் பதியாமல் பக்கவாட்டில் காற்று நுழையும்.

கெடிலக்கரை எழுதியது:

தாடி இருக்கிறது, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுகிறேன். உரிம எண்ணைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சேர்ந்த பிறகு இங்கேயே எழுதுகிறேன்.